சிட்டமேட்டு ரிலீவர்

ராத்திரி மணி பன்னெண்டே கால்... பேரிகை ரோடு. தை மாசத்துப் பனி. முன்னால் போகிற ஆளின் முதுகுகூடத் தெரியாது.

இது நம்ம கிங்ஸ்டனோட மாமாவுக்கு நடந்தது. அதோ, காலி டீ கிளாஸை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனுடைய அம்மா கூடப் பிறந்தவர். பேர் யேசுராஜ். நான் தப்பாய்ச் சொன்னால் அவனே திருத்தட்டும். இதுவரைக்கும் திருத்தினதில்லை.

யேசுராஜுக்கு ஃபவுண்டரியில் வேலை. இரும்பு உருக்குகிற உலைக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்ற ஆள். புருவம் பொசுங்கிப் பொசுங்கி, முளைக்கிறதையே விட்டுவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஓசூர் மாதா கோயிலில் மகள் ரூபிக்குக் கல்யாணம். ஆனாலும் செகண்ட் ஷிப்டுக்கு வந்திருந்தார். ஆள் இல்லை, நீயும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆள் என்ன பண்ணுவான். அம்மா இல்லாத பெண் ரூபி. அப்பா கையைப் பிடித்துத்தான் கோயிலுக்குள் வருவேன், நீ வராமல் நான் வாசப்படி ஏற மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவரும் சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஷிப்ட் முடிந்து கிளம்பினவர் பாதி வழி வந்தார். வண்டிச் செயின் அறுந்தது. போனில் சார்ஜ் இல்லை. ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

அந்த இடத்துக்குச் சிட்டமேடு என்று பேர். பழைய காலத்தில் அங்கே இரும்பு காய்ச்சினார்கள். ஓடையில் கருமணலை அலசி எடுப்பார்கள். காட்டு மரத்தைச் சுட்டுக் கரி ஆக்குவார்கள். ஆள் உயரத்துக்குக் களிமண்ணில் உலை. அதன் வாயில் மண் குழாய், குழாய்க்குப் பின்னால் ஆட்டுத்தோல் துருத்தி ரெண்டு. அதை ஒரு ஆள் மாற்றி மாற்றி மிதிப்பான். பற்ற வைத்துவிட்டால் இரும்பு இறங்குகிற வரைக்கும் கால் நிற்கக் கூடாது. நின்றால் உலை வயிற்றுக்குள்ளேயே எல்லாம் கல்லாகிவிடும். கரியும் போச்சு, மணலும் போச்சு, அத்தனை பேர் உழைப்பும் போச்சு. இரும்பு திரண்ட பிறகு வழிந்து மிச்சம் நிற்கிற கசடுதான் சிட்டம். அதைக் கொட்டிக் கொட்டி மேடாகிவிட்டது.

அப்புறம் ரயிலில் மலிவு இரும்பு வந்தது. உலை எல்லாம் அணைந்தது. ஒன்றைத் தவிர என்று சொல்வார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள்... மிதிக்கிறவனிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

கதைதான். யார் கண்டது.

நம்ம காலத்தில் அந்த மேட்டைக் கம்பெனி கட்ட வாங்கினார்கள். ஜேசிபி வைத்து நிரவினபோது கூடை கூடையாய்ச் சிட்டம் வந்தது, ரோட்டுப் பள்ளத்தில் கொட்டினார்கள். மண் குழாயும் வந்தது. அந்த சைட்டுக்கு வாட்ச்மேன் சென்னப்பன். முன்னே யேசுராஜோடு ஃபவுண்டரியில் இருந்தவன், வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிறவன். அவன் அந்தக் குழாயில் ஒன்றை எடுத்து, சிட்டக்கட்டி மூன்றைக் கூட்டி, களி கிண்ட அடுப்பு போட்டுக்கொண்டான். குழாய் வைத்தால் தீ என்னமாய் இழுக்குது தெரியுமா என்று எல்லாரிடமும் பெருமையாய்ச் சொன்னான். நூறு வருஷம் கழித்து அந்தக் குழாய்க்குள் தீ போனது அன்றைக்குத்தான்... அதை யாரும் யோசிக்கவில்லை.

சரி. யேசுராஜ் ரோட்டில் நிற்கிறார். மேட்டுப் பக்கம் பனிக்குள் சிவப்பாய் ஒரு வெளிச்சம். சென்னப்பன் தீ போட்டிருக்கிறான், அவன் வண்டியை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்.

முதலில் வாசம் வந்தது. கரிவாசம். அதற்கு அடியில் ஈரத்தோல் வாசம்... அப்புறம் சத்தம்.

புஸ்ஸ்... ஹூம். புஸ்ஸ்... ஹூம்.

தீக்குப் பக்கத்தில் இருந்தது சென்னப்பன் இல்லை. ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் உலை. உலைக்குப் பின்னால் இடுப்பில் துணி மட்டும் கட்டின ஒரு ஆள், மேலே கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு துருத்தி மிதித்துக்கொண்டிருந்தான். வலது, இடது, வலது, இடது. விலா எலும்பை எண்ணலாம். பள்ளத்து ஓரத்தில் ஒரு ஜோடி தோல் செருப்பு, ஒழுங்காய்ச் சேர்த்து வைத்திருந்தது.

யாருங்க, சென்னப்பன் எங்கே என்று யேசுராஜ் கேட்டார். அந்த ஆள் திரும்பினான். உதடு வெடித்து வெள்ளையாய் இருந்தது. கன்னடம் பாதி தெலுங்கு பாதியாய் ஒரு பேச்சு பேசினான். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் புரிகிற பேச்சுதான்.

"கொஞ்சம் மிதிண்ணா. ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

வேறு யாராய் இருந்தாலும் ஓடியிருப்பார்கள். டீச்சர், கடைக்காரர், பஸ் டிரைவர், யாராய் இருந்தாலும். ஷிப்ட் பார்க்கிற நம்ம ஆளுங்கதான் ஓட மாட்டோம். மாற்றிவிடுகிற ரிலீவர் வராமல் மிஷினை விட்டு நகரக் கூடாது, கூட நிற்கிறவன் தண்ணிக்குப் போனால் அவன் இடத்தில் நிற்க வேண்டும். எத்தனை வருஷமாய் இதையே செய்கிறோம். யேசுராஜ் யோசிக்கவே இல்லை. உலை எரிகிறது, ஆள் தாகத்தில் நிற்கிறான். சேஃப்டி ஷூவைக் கழற்றி அந்தத் தோல் செருப்புப் பக்கத்தில் வைத்தார். ஏறினார்.

துருத்தித் தோல் வெதுவெதுப்பாய் இருந்தது... இப்போதுதான் உரித்த மாதிரி.

அந்த ஆள் இறங்கினான். செருப்பை மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிஷம் ஆனது. அரை மணி ஆனது. ஆள் வரவில்லை.

போதும், இறங்கிவிடலாம் என்று யேசுராஜ் காலை மெதுவாக்கினார். உலைக்குள் தீ கறுத்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம்... அழுகைக்கு முன்னால் குழந்தை மூச்சை இழுக்குமே, அது மாதிரி. கால் தானாய் வேகமெடுத்தது. அதற்கப்புறம் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கயிற்றை விட்டுப் பார்த்தார், கை வரவில்லை. மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிழக்கே லேசாய் வெளுத்தபோது அவர் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பத்து மணி. கோயில் வாசப்படி. புதுச்சேலையில் ரூபி தனியாய் நிற்கிறாள்...

அப்போது டார்ச் வெளிச்சம் வந்தது. எங்கோ படுத்துத் தூங்கி எழுந்து வந்த சென்னப்பன்.

பள்ளத்து ஓரத்தில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தான். சிரித்தான்.

"என்ன மாமோவ், இருட்டுல தனியா நின்னு மண்ணை மிதிச்சிட்டிருக்கே? மாமனார் ஆகறதுக்கு முன்னாடியே ஏத்திட்டியா?"

இருட்டில் என்றான். அவனுக்கு உலை தெரியவில்லை. தீ தெரியவில்லை. யேசுராஜுக்கு முகம் வெந்துகொண்டிருக்கிறது, எதிரே நிற்கிறவன் குளிருக்குத் துண்டை இழுத்துப் போர்த்துகிறான்.

போடா, ஓடிப்போடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். பின்னாளில் அப்படித்தான் சொன்னார். ஆனால் ரூபி முகம் வந்து நின்றது. வாயிலிருந்து வந்தது வேறு.

"சென்னப்பா... கொஞ்சம் மிதிடா. ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

"இதுக்கும் ரிலீவரா? சரி, இறங்கு மாமா. பொண்ணு கல்யாணம் உனக்கு."

செருப்பைக் கழற்றினான். சேர்த்து வைத்தான். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, டான்ஸ் ஆடுகிறவன் மாதிரி இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டிக்கொண்டு காலை வைத்தான்.

கால் வைத்ததும் அவன் முகம் சிவப்பானது. தீயின் சிவப்பு. சிரிப்பு அப்படியே நின்றது. உலையைப் பார்த்தான்... அப்புறம் யேசுராஜைப் பார்த்தான். கால் மட்டும் மிதிக்க ஆரம்பித்தது.

யேசுராஜ் ஓடினார். ஷூவை எடுக்கவில்லை.

பத்து மணிக்குக் கோயில் வாசலில் மகள் கையைப் பிடித்தார். கல்யாணம் நன்றாய் நடந்தது. ஃபோட்டோ இருக்கிறது, வேண்டுமானால் கிங்ஸ்டன் காட்டுவான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சென்னப்பன் வீட்டுக்கு வரவில்லை என்று அவன் பெண்சாதி நாராயணம்மா மத்தியானம் போய்த் தேடினாள். நிரவின தரை. பள்ளம் இல்லை, கரி இல்லை. ஒரு ஜோடி செருப்பு, பக்கத்தில் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. டார்ச் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. போலீஸ் வந்தது. யாரோடோ ஓடிப்போயிருப்பான் என்று எழுதிக்கொண்டு போனது. அந்த ஷூ யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. யேசுராஜும் சொல்லவில்லை.

மூன்று தடவை அங்கே போனார். ராத்திரியில்தான். தான் ஏறிச் சென்னப்பனை இறக்கிவிட வேண்டும் என்று. முதல் தடவை இருட்டில் விடிகிறவரை நின்றார், ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாம் தடவை கான்கிரீட் போட்டிருந்தார்கள். மூன்றாம் தடவை காம்பவுண்டு சுவர், கேட்டில் செக்யூரிட்டி. சுவரில் காதை வைத்துக் கேட்டாராம். மிதி சத்தம் கேட்டதா என்று கிங்ஸ்டன் கேட்டதற்குத் தன் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாராம்.

அதற்கப்புறம் அவர் ஒரு டம்ளர் தண்ணியை முழுசாய்க் குடித்து யாரும் பார்த்ததில்லை. வாய் வரைக்கும் கொண்டுபோவார்... வைத்துவிடுவார். தூக்கத்தில் கால் மட்டும் ஆடும். வலது, இடது.

போன மாசம் செத்துப்போனார். சாவதற்கு ரெண்டு நாள் முன்னால் இதை எல்லாம் கிங்ஸ்டனிடம் சொன்னார். கடைசியாய்ச் சொன்னது இது ஒன்றுதான்: "ஏழு வருஷமாச்சுடா. அவன் ஒரே ஆளா மிதிக்கிறான்."

ராத்திரி உடம்பை நடுவீட்டில் கிடத்தினார்கள். கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவோமில்லையா, அதைக் கட்டினது கிங்ஸ்டன்தான். ரெட்டை முடிச்சு. விடிய விடிய ஜெபம், சுற்றி ஆள். மூன்று மணி சுமாருக்கு எல்லாருக்கும் ஒரு கண் அசந்தது. ஒரே ஒரு நிமிஷம்தான் என்கிறார்கள்.

காலையில் குளிப்பாட்டத் துணியை விலக்கினார்கள். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. உள்ளங்கால் ரெண்டும் கன்னங்கரேல் என்று... தேய்த்தார்கள். போகவில்லை. அப்படியே பெட்டியில் வைத்து மூடினார்கள்.

அதே காலையில் பேரிகையில் நாராயணம்மா எழுந்தாள். கதவு உள்ளே தாழ் போட்டது போட்டபடி இருந்தது. ராத்திரி நிரப்பி மூடி வைத்த குடத்தைத் தூக்கினாள். காலி. ஒரு சொட்டு இல்லை.

குடத்துக் கழுத்தில் கரியாய் அஞ்சு விரல் பதிந்திருந்தது.