வராத டிரையருக்கு ஒரு போர்டு

லிங்கேஸ்வரன்: பிரேக்குலருந்து கால எடுக்காத பிரியா. ஜீப்பு சரிவுல நிக்குது.

முத்துப்பிரியா: நாலு டயருக்கும் கல்லு வச்சிருக்கீங்கள்ல மாமா... அப்புறம் என்ன.

லிங்கேஸ்வரன்: வச்சாலும்... சரி, லேப்டாப்புல சிக்னல் எத்தனை கோடு காட்டுது?

முத்துப்பிரியா: ரெண்டு. இல்ல இல்ல, மூணு. போனு உங்க சட்டைப் பையில தான இருக்கு? நீங்க எந்திரிச்சா மூணு, உக்காந்தா ரெண்டு.

லிங்கேஸ்வரன்: அப்ப நான் நின்னுக்கிட்டே இருக்கணுமாக்கும்.

முத்துப்பிரியா: நில்லுங்க. கட்டுன பொண்டாட்டிக்காக இதுகூடச் செய்யக் கூடாதா... குரங்கணிக்கு மேல நம்ம ஏலத்தோட்டத்துல இந்த ஒரு வளைவுல தான டவர் கிடைக்குது. தெனம் நீங்க உக்காந்து வேலை பாக்குற எடம். இன்னைக்கு ஒரு மணி நேரம் உங்க ஆபீஸ எனக்குக் குடுங்க.

லிங்கேஸ்வரன்: ஒரு மணி நேரமா? அரை மணி நேரம்னு தான சொன்ன. பதினொன்னரைக்கு எனக்கு மீட்டிங் இருக்குன்னு காலையிலருந்து கத்துறேன்.

முத்துப்பிரியா: குடுத்துர்றேன், குடுத்துர்றேன். பதினொன்னுக்கு இன்டர்வியூ, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். அதுக்குள்ள இந்த இன்டர்ஃபேஸ மட்டும் சொல்லிக் குடுங்க. மத்ததெல்லாம் மண்டையில ஏறிருச்சு, இது மட்டும் ஏற மாட்டேங்குது.

லிங்கேஸ்வரன்: காப்பியக் கொண்டாந்து வச்ச. 'மாமா, இன்னைக்கு எனக்கு கோங்கிற கம்ப்யூட்டர் லாங்குவேஜுல இன்டர்வியூ'ன்ன. நான் தெனம் சோறு திங்கிற லாங்குவேஜ நீ எப்ப படிச்ச, யாருகிட்ட படிச்ச...

முத்துப்பிரியா: உங்க பழைய புஸ்தகம் தான். அப்புறம் போடிக்கு மார்க்கெட்டு போறப்பல்லாம் பாடத்த போன்ல இறக்கி வச்சுக்குவேன். நீங்க இங்க வந்த பெறகு வீட்டுல உக்காந்து பாப்பேன்.

லிங்கேஸ்வரன்: எங்கப்பாவுக்குத் தெரியுமா?

முத்துப்பிரியா: அவருக்கு எதுக்கு? காய் எடுக்குற பொம்பளைகளப் பாத்துட்டு வர்றோம்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.

லிங்கேஸ்வரன்: எதுக்கு இவ்வளவு ஒளிவு மறைவு? நான் தான் சம்பாதிக்கிறேன்ல?

முத்துப்பிரியா: இந்த வேலை எனக்கு வேணும் மாமா. இருக்குறது ஒரே ஒரு எடம், இங்கருந்தே பாக்கலாம். இது கை நழுவிப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. மத்ததெல்லாம் பெறகு கேளுங்க. இப்ப பாடத்தச் சொல்லுங்க, வெரசா.

லிங்கேஸ்வரன்: ...சரி, கேட்டுக்க. இன்டர்ஃபேஸ்ங்கிறது ஒரு நிபந்தனை. இன்னின்ன வேலை செய்யத் தெரிஞ்சிருக்கணும், அம்புட்டு தான். நீ யாரு, எப்படிச் செய்வன்னெல்லாம் அது கேக்காது.

முத்துப்பிரியா: அது புஸ்தகத்துலயே இருக்கு.

லிங்கேஸ்வரன்: புஸ்தகத்துல இருந்தா எங்கிட்ட எதுக்குக் கேக்குற?

முத்துப்பிரியா: மூஞ்சியத் தூக்காதீங்க. என் சந்தேகம் வேற. 'நான் இந்த இன்டர்ஃபேஸுக்குப் பொருந்துறேன்'னு எந்த எடத்துல எழுதணும்? காலேஜுல ஜாவா படிச்சப்ப அப்படி எழுதாட்டி ஒத்துக்காது.

லிங்கேஸ்வரன்: இதுல எங்கயும் எழுத வேணாம்.

முத்துப்பிரியா: அதெப்படி?

லிங்கேஸ்வரன்: விடியக்காலம் போடியிலருந்து காய் எடுக்க ஜீப்புல ஆளு வர்றாங்கள்ல. ஏறும்போது டிரைவர் பால்ராஜ் அண்ணன் என்ன கேப்பாரு?

முத்துப்பிரியா: வெளைஞ்ச காய் எது, பிஞ்சு எதுன்னு தெரியுமாம்பாரு. சரிவுல சாக்கு தூக்குவியாம்பாரு.

லிங்கேஸ்வரன்: 'நான் காய் எடுக்குறவ'ன்னு நெத்தியில எழுதி ஒட்டிட்டு வரச் சொல்றாரா?

முத்துப்பிரியா: இல்ல.

லிங்கேஸ்வரன்: ரெண்டும் தெரிஞ்சா ஏறு, தெரியாட்டி எறங்கு. கோவும் அதே மாதிரி தான். கேட்ட வேலையெல்லாம், அதாவது மெத்தட் எல்லாம் உங்கிட்ட இருக்கா, நீ ஜீப்புல ஏறிட்ட. எழுதுனதச் சோதிச்சு ஏத்துற கம்பைலர் தான் பால்ராஜ் அண்ணன்.

முத்துப்பிரியா: அவரு தெரியாதவங்களயும் ஏத்திட்டு வருவாரே. போன வாரம் அழகுமலை மகள ஏத்திட்டு வந்தாரு. அந்தப் புள்ள கையில பட்டதெல்லாம் பிஞ்சு...

லிங்கேஸ்வரன்: கம்பைலர் அவர விடக் கறாரான ஆளு. ஒரு மெத்தட் கொறஞ்சாலும் வண்டியவே எடுக்க விடாது. இப்ப நீ சொல்லு. வெறகு போட்டுக் காய வைக்கிற நம்ம ஸ்டோரு, கரண்ட்டுல காய வைக்கிற டிரையரு. ரெண்டுக்கும் பொது என்ன?

முத்துப்பிரியா: ரெண்டும் காய வைக்கும்.

லிங்கேஸ்வரன்: அத மட்டும் இன்டர்ஃபேஸுல கேளு. வெறகு எத்தனை கட்டு, கரண்ட்டு எத்தனை யூனிட்டுன்னு அதுக்குள்ள எழுதாத. நிபந்தனைய நீளமா வச்சா ஒருத்தனும் தேற மாட்டான். சின்னதா வைக்கணும்.

முத்துப்பிரியா: எங்கப்பா ராசிங்காபுரத்துல மாப்பிள்ளை தேடுனப்ப நீளமா தான் வச்சிருந்தாரு. தோட்டம் இருக்கணும், கவருமெண்ட்டு வேலையா இருக்கணும், பீடி சிகரெட்டு கூடாது...

லிங்கேஸ்வரன்: அப்ப நான் எப்படித் தேறுனேன்?

முத்துப்பிரியா: கடைசியில ஒண்ணே ஒண்ணு தான் மிஞ்சுச்சு. மாசச் சம்பளம்... வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமா. ஏன் வாட்ச்ச வாட்ச்சப் பாக்குறீங்க?

லிங்கேஸ்வரன்: மணி ஆகுதுல்ல. நீ அரை மணிக்குள்ள முடிச்சிருவல்ல?

முத்துப்பிரியா: முடிச்சிருவேங்கிறேன்ல. கொஞ்சம் நெளியாம நில்லுங்க, கோடு ரெண்டாயிருச்சு... யாரு, போனா?

லிங்கேஸ்வரன்: அப்பா கூப்புடுறாரு.

முத்துப்பிரியா: எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா நெட்டு அந்துரும். என்னவாம் அவருக்கு?

லிங்கேஸ்வரன்: வேற என்ன, நான் ஆர்டர் குடுத்த டிரையர் எப்ப வரும்பாரு.

முத்துப்பிரியா: எப்ப வருமாம்?

லிங்கேஸ்வரன்: கம்பெனிக்காரன் அனுப்பணும்ல... சரி, அடுத்த சந்தேகம் என்ன?

முத்துப்பிரியா: அதுவும் டிரையர் தான். இந்தா, இதப் பாருங்க. நேத்து நானா எழுதிப் பாத்தேன். 'காய வைக்கிறவர்'னு ஒரு இன்டர்ஃபேஸ். டிரையர் இருந்தா காய டிரையருக்கு அனுப்பு, இல்லாட்டி வெறகு ஸ்டோருக்கு அனுப்பு. நம்மகிட்ட தான் டிரையர் இல்லையே... அதனால டிரையர் எங்க இருக்குன்னு காட்டுற பாயிண்டர நில்னு காலியா விட்டு, அதத் தூக்கி இன்டர்ஃபேஸுல போட்டேன்.

லிங்கேஸ்வரன்: ஓட்டிப் பாத்தியா?

முத்துப்பிரியா: ஓட்டுனேன். 'இது நில்லா'ன்னு கேட்டா, 'இல்ல, டிரையர் இருக்கு'ங்குது. காயெல்லாம் அங்க அனுப்பிட்டுப் பாதியில ப்ரோகிராமே விழுந்து செத்துப் போச்சு... சிரிக்காதீங்க.

லிங்கேஸ்வரன்: உன்னப் பாத்துச் சிரிக்கல. இதே எடத்துல நானும் மண்டைய ஒடைச்சிருக்கேன். நல்லாக் கேட்டுக்க, இத உங்கிட்ட கட்டாயம் கேப்பாங்க.

முத்துப்பிரியா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

லிங்கேஸ்வரன்: எல்லா எடத்துலயும் கேக்குறது தான். எங்கப்பா மாட்டுன போர்டு இருக்குல்ல...

முத்துப்பிரியா: 'இங்கு கரண்ட் டிரையரில் ஏலக்காய் உலர்த்தித் தரப்படும்'. ஏன் இல்லாம, இன்னும் ஸ்டோரு வாசல்ல தொங்குது. மெஷினு வர்றதுக்கு முன்னாடியே போர்ட மாட்டி, அதுக்கு மால வேற போட்டாரு. ஊரே பச்சக்காய் மூட்டையத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு.

லிங்கேஸ்வரன்: வந்து?

முத்துப்பிரியா: வந்து என்ன... எடுத்த காய அன்னைக்கே சூட்டுல போடாட்டி நெறம் போயிரும்ல. அன்புச்செல்வன் சித்தப்பா காய் பூரா வெளுத்துருச்சு. இன்னைக்கும் நம்மளக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு.

லிங்கேஸ்வரன்: அதான் உன் ப்ரோகிராம்ல நடந்தது. இன்டர்ஃபேஸுக்குள்ள ரெண்டு அறை இருக்கு. ஒண்ணுல என்ன வகைங்கிற பேரு, அதான் போர்டு. இன்னொண்ணுல மெஷினு. ரெண்டு அறையும் காலியா இருந்தா தான் நில். போர்டு தொங்கி, உள்ள மெஷினு இல்லாட்டி அது நில் கணக்குல வராது. கேட்டா 'இருக்கு'ன்னு தான் சொல்லும்.

முத்துப்பிரியா: வேலையக் குடுக்குறப்ப தான் உள்ள ஒண்ணுமில்லன்னு தெரியும்.

லிங்கேஸ்வரன்: ஆமா.

முத்துப்பிரியா: வெளியருந்து பாக்குறவங்களுக்குத் தெரியாது.

லிங்கேஸ்வரன்: ...ஆமா.

முத்துப்பிரியா: ஒருத்தருக்குமேவா தெரியாது? கூடவே இருக்குறவங்களுக்கு...

லிங்கேஸ்வரன்: பாடத்தப் பாரு பிரியா.

முத்துப்பிரியா: பாடத்தத் தான் கேக்குறேன். இத எப்படிச் சரி பண்றது?

லிங்கேஸ்வரன்: மெஷினு இல்லையா, டிரையர்ங்கிற பேரோட எதையும் திருப்பி அனுப்பாத. வெறும் நில்ல அனுப்பு. இல்லாட்டி இல்லன்னு நேரடியாச் சொல்லிரணும்.

முத்துப்பிரியா: சொல்றது அம்புட்டு லேசா மாமா?

லிங்கேஸ்வரன்: ப்ரோகிராம்ல லேசு தான்... அங்க பாரு, கீழருந்து லோடு ஜீப்பு வருது.

முத்துப்பிரியா: ஐயோ, வண்டிய ஒதுக்கணுமா? ஒதுக்குனா சிக்னல் போயிருமே.

லிங்கேஸ்வரன்: நீ எந்திரிக்காத. அண்ணே... பால்ராஜ் அண்ணே, அந்தப் பக்கம் ஒடிச்சு ஏத்திருங்க. ஆமாண்ணே, ஆபீஸ் வேலை தான்... ம், ம், தாராளமாப் போகும், எடம் இருக்கு. போயிட்டாரு.

முத்துப்பிரியா: என் கையப் பாருங்க, சில்லுன்னு இருக்கு.

லிங்கேஸ்வரன்: எனக்கும் தான்.

முத்துப்பிரியா: உங்களுக்கு எதுக்கு?

லிங்கேஸ்வரன்: மலைக் காத்து. இந்தா, ஹெட்போன மாட்டு. காதுல ஒரு பக்கம் தான் வேலை செய்யும்... வேணாம், நீ ஸ்பீக்கர்லயே பேசு. நான் கேமராவுல படாம கதவுப் பக்கம் நின்னுக்கறேன்.

பொற்கொடி: ஹலோ... முத்துப்பிரியாவா? நான் பொற்கொடி பேசறேன். சத்தம் சரியா கேக்குதா?

முத்துப்பிரியா: கேக்குது மேடம். வணக்கம்.

பொற்கொடி: தமிழ்லயே பேசலாம், பயப்படாதீங்க. பின்னாடி ஒரே பச்சையா இருக்கே?

முத்துப்பிரியா: ஏலச்செடி மேடம். ஜீப்புல உக்காந்து பேசுறேன். வீட்டுல சிக்னல் கிடைக்காது.

பொற்கொடி: நல்ல ஆபீஸ்தான். காலேஜ் முடிச்சு எங்கயும் வேலைக்குப் போகலையா?

முத்துப்பிரியா: இல்ல மேடம். கல்யாணம் ஆயிருச்சு. அப்புறம் தோட்டம், ஸ்டோருன்னு... இப்ப தான் திரும்பப் படிச்சேன்.

பொற்கொடி: சரி, நேரா கேள்விக்கு வர்றேன். கோவுல இன்டர்ஃபேஸ் ஏன் சின்னதா இருக்கணும்னு சொல்றாங்க?

முத்துப்பிரியா: கம்மியாக் கேட்டா நெறைய டைப்பு பொருந்தும் மேடம். அதுவும் தானாப் பொருந்தும், நான் இன்னார்னு எங்கயும் அறிவிக்க வேண்டியதில்ல. நாளைக்குப் புதுசா ஒரு டைப்பு வந்தாலும் பழைய ப்ரோகிராம்ல கை வைக்க வேணாம்.

பொற்கொடி: ம். ஒரு நில் பாயிண்டர இன்டர்ஃபேஸ்ல வச்சிருக்கேன். அந்த இன்டர்ஃபேஸ் நில்லான்னு சோதிச்சா என்ன வரும்?

முத்துப்பிரியா: நில் இல்லன்னு வரும் மேடம். உள்ள மதிப்பு தான் காலி, டைப்போட பேரு இருக்கு. ரெண்டும் காலியா இருந்தா மட்டும் தான் நில்.

பொற்கொடி: பரவால்லையே. பெரும்பாலும் எல்லாரும் தடுக்கி விழற இடம் இது. யாரு சொல்லிக் குடுத்தாங்க?

முத்துப்பிரியா: என் வீட்டுக்காரரு.

பொற்கொடி: ஓ, அவரும் இதே லைனா? எங்க வேலை பாக்கறாரு?

முத்துப்பிரியா: ...

பொற்கொடி: ஹலோ? லைன் போயிடுச்சா?

முத்துப்பிரியா: இருக்கேன் மேடம். அவருக்கு... இப்ப வேலை இல்ல. ஆவணியில ஆளக் கொறைச்சப்ப அவரயும் வேலையவிட்டு நிப்பாட்டிட்டாங்க. எங்கிட்ட இன்னும் சொல்லல.

லிங்கேஸ்வரன்: பிரியா...

பொற்கொடி: யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?

முத்துப்பிரியா: காத்து மேடம். நீங்க கேளுங்க.

பொற்கொடி: கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. ஒரே ஒரு இடம்தான் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். பதினொன்றரைக்கு இன்னொருத்தர்கிட்ட பேசணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். சாயங்காலம் சொல்றோம்.

முத்துப்பிரியா: சரிங்க மேடம்.

லிங்கேஸ்வரன்: ...கட் பண்ணிட்டியா?

முத்துப்பிரியா: பண்ணிட்டேன். திட்டுறதா இருந்தா திட்டிருங்க.

லிங்கேஸ்வரன்: எப்படித் தெரியும்?

முத்துப்பிரியா: நான் சோறு கொண்டாறப்பல்லாம் போன்ல இங்கிலீஷுல பேசுவீங்க. எதிராளு பேசுறதுக்கு எடமே விட மாட்டீங்க. அதெப்படி, ஒரு ஆளுகூட உங்களுக்குப் பதிலே சொல்ல மாட்டாங்களா? அப்புறம் டிரையர் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். ஆர்டர ஆவணியிலேயே நீங்களே நிப்பாட்டிட்டீங்கன்னாங்க. உங்க கம்பெனியில அப்ப ஆளக் கொறைச்சாங்கன்னு போன்ல செய்தியும் பாத்தேன்.

லிங்கேஸ்வரன்: அப்பவே எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல.

முத்துப்பிரியா: கேக்கலாம்னு தான் வந்தேன். நீங்க தேச்ச சட்டையப் போட்டுட்டு, யாருமில்லாத ஜீப்புல தனியா உக்காந்துருந்தீங்க... வாய் வரல மாமா. அழுகை தான் வந்துச்சு. வீட்டுக்குப் போய் உங்க புஸ்தகத்த எடுத்தேன்.

லிங்கேஸ்வரன்: உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு பிரியா. உங்கப்பா சம்பளத்தப் பாத்துத் தான குடுத்தாரு.

முத்துப்பிரியா: எங்கப்பா பாத்தாரு. நான் உங்களத் தான் பாத்தேன்.

லிங்கேஸ்வரன்: ...நல்லாப் பேசுன. நானா இருந்தாக்கூட அம்புட்டுப் பட்டுன்னு சொல்லியிருக்க மாட்டேன்.

முத்துப்பிரியா: வேலையில்லாதவருக்கு இனிமே எதுக்கு அந்தப் பொய் மீட்டிங்? வண்டிய எடுங்க, வீட்டுக்குப் போவோம். அந்த இன்னொரு ஆளு எப்படிப் பேசப்போறானோ.

லிங்கேஸ்வரன்: நல்லாத் தான் பேசுவான்.

முத்துப்பிரியா: உங்களுக்கு என்ன தெரியும்?

லிங்கேஸ்வரன்: தள்ளி உக்காரு பிரியா... காலையில நீ கம்பெனி பேரச் சொன்னப்பவே உங்கிட்டச் சொல்லியிருக்கணும். அந்த இன்னொரு ஆளு நாந்தான்.