பல்லக்குக்கு வழிவிட்ட கேபிள்

நான் எப்போது முடிப்பேன் என்று நான் தொடங்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவரே, நம் கோயில் தர்மகர்த்தா செல்வம் அவர்களே! அளந்து பேசும் ஆன்றோர்களே! அளக்காமலே பேசும் என் தோழர்களே! பூக்கட்டிப் பூக்கட்டி விரல் நொந்தாலும் பொழுதெல்லாம் புன்னகை பூத்திருக்கும் தாய்மார்களே! கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்போடு, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! எல்லோருக்கும் மேலாக, இந்த மாலைக்குக் காரணமான, நம் ஊருக்கு இன்டர்நெட் கேபிள் இழுத்துக் கொடுத்த சூப்பர்வைசர் சரிதா அவர்களே, அவர் குழுவினரே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரக் கோவிந்தப்பனின் தலைதாழ்ந்த வணக்கம்.

யாரது பின்னால் விசிலடிப்பது? போன மாதம் நான் தைத்த பேண்ட் இறுக்குகிறது என்றாயே, அந்தத் தம்பிதானே? விசிலை மெதுவாக அடி. தையலுக்கு நான் பொறுப்பல்ல.

அன்பர்களே! ஓசூர்க் கம்பெனிகளுக்கு யூனிபார்ம் தைத்துப் பிழைப்பவன் நான். ஆளை அளந்து துணியை வெட்டுகிற தொழில். அதிலேயே எத்தனை தவறு! எத்தனை திட்டு! எத்தனை சட்டை திரும்பி வந்திருக்கிறது! ஆனால் ஆகாயத்தை அளந்து, அந்தரத்தில் கேபிள் கட்டுகிறார்களே, அவர்களுக்குத் தவறினால் திரும்பி வருவது சட்டையா? சொல்லுங்கள், சட்டையா?

இந்தக் குழு வந்து இறங்கிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். என் கடை முன்னால்தான் சாலையின் குறுக்கே கேபிள் போக வேண்டும். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். கயிறு கட்டினார்கள். கெலமங்கலம் பஸ்ஸை நிறுத்தினார்கள். “ஒரு ஒயர் கட்ட வந்தாங்களா, மேம்பாலம் கட்ட வந்தாங்களா?” என்று கேட்டது யார்? வேறு யார், இந்த வாய்தான்! கம்பத்தில் ஏறும் முன் அந்தக் குழுவின் தமிழரசன் தம்பி இடுப்புப் பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா?

“ஏந்தம்பி, கல்யாண மாப்பிள்ளகூட இடுப்ப இத்தன தடவ தொட்டுப் பாக்க மாட்டானே!” என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணா, பேண்ட் கழண்டா மானந்தான் போவும். இது கழண்டா நான் போயிருவேன்” என்றார்.

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. என் மனைவி நாகம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அதோ, பெண்கள் வரிசையில் பாருங்கள்!

அன்று சரிதா ஊராரைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டார். “இந்த ரோட்ல போறதுலயே ஒசரமான வண்டி எதுங்க?”

பெரியோர்களே, நாம் என்ன பதில் சொன்னோம்? ஒருவர் வைக்கோல் டிராக்டர் என்றார். ஒருவர் கம்பெனி பஸ் என்றார். நானோ, சூளகிரிப் பக்கமிருந்து மாங்காய் ஏற்றி வருகிற லாரி என்று கையைத் தலைக்கு மேல் தூக்கியே காட்டினேன். அவரும் எல்லாவற்றையும் கேட்டு, அதற்கும் மேலே இடம் விட்டுக் கேபிளைக் கட்டினார். மின்சாரக் கம்பி உச்சியில். அதற்குக் கீழே போதுமான இடைவெளி விட்டு இவர்கள் கேபிள். குறையொன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு நெட் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து இறங்கினார்கள். பண்டிகையும் வந்தது.

ஆனால் ஒன்றை மறந்தோமே! ஆண்டுக்கு ஒருமுறை, அடுக்கடுக்காய் மல்லியும் சாமந்தியும் சுமந்து, வண்ண விளக்குகள் வளைந்து மின்ன, வானத்தைத் தொடப் போவதுபோல் வருமே நம் அம்மன் பூப்பல்லக்கு, அதை ஏன் சொல்லவில்லை? டிராக்டர் மேல்தானே வருகிறது? சக்கரம் இல்லையா? டீசல் குடிக்கவில்லையா? பிறகு ஏன் ஒருவர் வாயிலும் அது வரவில்லை?

ஏனென்றால், அம்மனை யாராவது வண்டி என்று சொல்வார்களா? நமக்கு அது தெய்வம்! வண்டிக் கணக்கில் தெய்வம் வருமா? வரவில்லை! அதுதான் அன்பர்களே, பக்தியால் நாம் செய்த பிழை.

இனி நான் சொல்லப்போவதில் சிரிப்பில்லை.

பல்லக்கு புறப்பட்ட மாலை. லேசான தூறல் விட்டிருந்த நேரம். பம்பை முழங்க, மேளம் அதிர, அம்மன் என் கடையை நெருங்கினாள். பல்லக்கின் இரும்புச் சட்டத்தின் உச்சியில் யார்? என் தங்கை வினோதாவின் கணவர், என் மாப்பிள்ளை திம்மராயன். கையில் என்ன? கவட்டைக் கம்பு. வழியில் குறுக்கிடும் கொடியையும் தோரணத்தையும் ஒயரையும் தூக்கிவிட்டு அம்மனுக்கு வழி செய்வது பரம்பரையாய் அவர் வீட்டு உரிமை. தெருமுனையில் மின்கம்பி தாழ்வாக இருப்பதால் அங்கே போகும்போது மட்டும் கரண்டை நிறுத்தச் சொல்வோம். என் கடை முன்னால் மின்கம்பி எட்டாத உயரம். அங்கே நிறுத்தும் வழக்கமே இல்லை. இப்போது நடுவில் புதிதாக ஒரு கேபிள். நெட் ஒயர்தானே என்று மாப்பிள்ளை நனைந்த மூங்கிலை அதற்குக் கொடுத்துவிட்டார். தூக்கத் தொடங்கிவிட்டார்!

அம்மனைப் பார்க்க வந்த சரிதா கூட்டத்தில் நின்றிருந்தார். பார்த்தார். செருப்பு எங்கே போயிற்றோ, ஓடினார். டிராக்டரின் மூக்குக்கு நேரே கைவிரித்து நின்றார்.

“நிறுத்துங்க! நில்சி! ஆப்பண்டி!”

தமிழில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார், தெலுங்கில் சொன்னார். டிரைவருக்கு எந்த மொழி எட்டியதோ, பிரேக் பிடித்தது.

கூட்டம் கொதித்தது. “யாரும்மா நீ? அம்மன் வழிய மறிக்கிறே!”

“அந்தக் கேபிளுக்குள்ள தாங்குகம்பி இருக்குதுங்க, இரும்புக் கம்பி! மேல கரண்டு கம்பில ஒட்டுச்சுன்னா அண்ணனும் இல்ல, பல்லக்கப் புடிச்சிருக்கற ஒருத்தரும் இல்ல! அண்ணா, ஆட்டாதீங்க! அப்படியே மெதுவா கம்ப எறக்குங்க!”

நான் நிமிர்ந்து பார்த்தேன். கேபிளுக்கும் கரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது தெரியுமா? நான் ஆளை அளக்கிறவன் ஐயா. என் டேப்பால் அளக்கும் அளவுகூட அங்கே இல்லை. கீழே என் தங்கை, கையில் கற்பூரத் தட்டோடு, அண்ணாந்து நின்றாள்.

மாப்பிள்ளை கம்பை இறக்கினார். என் தங்கை தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதும் சிலர் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார்கள். அவர்களைப் பார்த்து மாவிளக்கு ஏந்தி நின்ற சரசம்மா கேட்டார்: “தாயி எங்கடா அவசரப்பட்டா? நீங்கதாண்டா அவசரப்படறீங்க. நிக்கட்டும். நின்னு பாக்கட்டும்.”

நின்றாள் அம்மன்! மின்வாரிய லைன்மேன் கரண்டை நிறுத்தி, நிறுத்தியதைப் போனில் சொல்லும் வரை நின்றாள். தமிழரசன் அதையும் நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்த்து, அந்தப் பெல்ட்டை மறுபடி தொட்டுப் பார்த்து, கம்பமேறிக் கேபிளை அவிழ்த்து இறக்கும் வரை நின்றாள். இந்த முறை நான் கேலி செய்தேனா? இல்லை. அவரை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கும்பிட்டேன்!

ஊர் முழுக்க நெட் போயிற்று. லேப்டாப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பல வருடத்துக்குப் பிறகு அவர்கள் அம்மனை நேரில் பார்த்தார்கள். அம்மன் என் கடை வாசலில் இத்தனை நேரம் நின்றாளே என்று நான் பெருமைப்பட்டேன். “உன் கடைக்குக் கூட்டம் வந்ததே இன்னிக்குத்தான்” என்றாள் நாகம்மா. உண்மை!

மறுவாரமே சாலையின் இருபுறமும் உயரமான இரும்புக் கம்பம் நட்டு, மின்கம்பியை விட்டு விலகிய வழியில் கேபிளைக் கொண்டுபோனார்கள். நான் சரிதாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “எங்க மேலயும் தப்பு இருக்குதுங்கண்ணா. நான் வண்டியத்தான கேட்டேன், சாமியக் கேக்கலியே” என்று சொல்லிச் சிரித்தார். சிங்காரப்பேட்டையில் இந்தப் பெண்ணைப் பெற்ற தாய்க்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்!

மேடையில் பொன்னாடை போர்த்துவது வழக்கம். பொன்னாடையோடு கம்பமேற முடியுமா? ஆகவே தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் பட்டை வைத்து, இவர்கள் எல்லோருக்கும் நானே ஜாக்கெட் தைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், இந்த முறை ஒழுங்காக அளந்தேன்.

மாப்ளே, அதை எடுத்துக்கிட்டு மேல வா. எல்லோரும் பாருங்கள்! அதே கம்புதான். கவட்டை எங்கே? இன்று காலை திம்மராயனே தன் கையால் அறுத்துவிட்டார். இனி இது எந்த ஒயரையும் தூக்காது. தரையிலிருந்து அளக்க இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, பூப்பல்லக்கின் உச்சி எங்கே வருமோ அங்கே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார். நாளைக்கு வேறு யார் கேபிளோடு வந்து உசரமான வண்டி எது என்று கேட்டாலும், நாம் வாயால் பதில் சொல்லப் போவதில்லை. கோயிலுக்கு அழைத்துப்போய் இந்தக் கம்பைக் கையில் கொடுப்போம். இதற்கும் மேலே, கரண்டை விட்டும் விலகிக் கட்டப்பா என்போம்!

என் தங்கை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் பொட்டு இருக்கிறது, தலையில் பூ இருக்கிறது, பக்கத்தில் இந்த மனிதருக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாள். மாப்ளே, போய் உக்காரு.

சரிதா அம்மா, தமிழரசன் தம்பி, குழுவினரே! ஊர் சார்பில், என் வீடு சார்பில், அன்று உங்களைக் கேலி செய்த இந்த வாயாலேயே கைகூப்பிச் சொல்கிறேன். நன்றி, வணக்கம்!