பாறையில் போட்ட அம்பு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த பெரியவரின் விரலிடுக்கில் வெள்ளை பெயிண்ட் காய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த தன் வயதுக்காரரிடம் சொன்னார்:

"நேத்து அத்தனை ஜீப்பும் கிளம்பின இடத்துக்கே வந்துடுச்சு மச்சான்."

"எந்த ஜீப்பு?"

"பூதிகோட்டை காட்டுல ஓட்டறதுக்கு பெங்களூர்லேந்து பசங்க வந்தாங்க. பாதையே தெரியல அங்கிள், பாறையில அம்பு வரைஞ்சு வைங்கன்னாங்க. வரைஞ்சேன்."

"தப்பா வரைஞ்சுட்டியா?"

"இன்னா தப்பு? மைன்ஸ்ல நாம எப்படி வரைஞ்சோம்? அம்புன்னா மேல ஏறுற ஷாஃப்ட் பக்கம் காட்டணும், வெளிய வர்றதுக்கு. உள்ள போறதுக்கு எவனாவது அம்பு போடுவானா?"

நண்பர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அப்புறம்?"

"கோவிச்சுக்கினாங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டு, திருப்பி வரைஞ்சு குடுத்தேன். ஜம்முனு உள்ள போனாங்க. சாயங்காலம் போன் வருது, 'அங்கிள், வெளிய வர்ற அம்பு எங்க?'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"அங்கயே நில்லுங்க, பெயிண்ட் டப்பாவ எடுத்துனு வரேன்னேன்."