வானவில்லைக் கழுவிவிட்டீர், பரீது

...அப்படிச் சொல்லித் தப்பிக்கலாகாது, பரீது. பிலிமைக் கழுவத்தான் உம்மிடம் கொடுத்தேன். வானவில்லைக் கழுவுவதற்குக் கொடுக்கவில்லை. கொடுத்தபோது அது உள்ளே இருந்தது. திரும்பி வந்தபோது இல்லை. இடையில் அந்தப் பிலிம் உம்முடைய ஸ்டுடியோவைத் தவிர வேறெங்கும் தங்கவில்லை. இதற்குமேல் ஒரு வக்கீல் வந்து என்ன வாதாட வேண்டியிருக்கிறது?

பார்த்து நடவும், பாறை வழுக்கும். அங்கே நிற்க வேண்டாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று யாரோ ஒருவருடைய முதுகுக்கென்று ஊற்றிய எண்ணெயில் பாதி என் வேட்டிக்கு வந்துவிட்டது. இப்படி, என் பக்கத்தில் வந்து நில்லும். இப்போது நிமிர்ந்து பாரும். பேரருவியின் இடப்புறம், அந்தக் கரும்பாறைக்கு முன்னால், சாரலுக்குள் வளைந்து... தெரிகிறதா? வானவில்தானே அது? யாரும் புடவை காயப்போடவில்லையே? நல்லது. உம்முடைய தலையே ஆடி ஒப்புக்கொண்டுவிட்டது. காலை ஏழரை மணிக்கு வெயிலும் சாரலும் சேர்ந்தால் அது அங்கே இருக்கும். நான் படம் எடுத்த அன்றும் இருந்தது. எட்டுப் படங்கள். முதல் படத்தில் குரங்கு. அதற்காக உம்மைக் குறை சொல்லமாட்டேன். குரங்கு தானாகவே வந்தது. மற்ற ஏழிலும் அருவி இருக்கிறது, பாறை இருக்கிறது, குளிக்கிறவர்களின் சோப்புப் பெட்டிகூட இருக்கிறது. வானவில்லை மட்டும் காணோம். சோப்புப் பெட்டியை விட்டுவிட்டு வானவில்லை மட்டும் தேர்ந்தெடுத்துக் கழுவியிருக்கிறீர் என்றால், அதைக் கவனக்குறைவு என்றுகூடச் சொல்ல மாட்டேன்; திறமை என்றுதான் சொல்வேன்.

அந்தப் பக்கம் பார்க்காதீர். ஆமாம், அவர்தாம். தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் ஈரிழைத் துண்டுமாக நிற்கிறாரே, அவரேதான் ஓவிய ஆசிரியர் காந்திமதிநாதன். ஒரே பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நாம் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டால், தம்மைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று எண்ணிக்கொள்வார். பேசுகிறோம் என்பது வேறு விஷயம்.

அவரால் வந்த வினைதானே இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் சாரல் விழாவுக்கு ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. உடனே அவர் எழுந்து, "வானவில்லு பொட்டியில சிக்காது வே தில்லைநாயகம். அது தூரிகைக்குத்தான் படியும். கறுப்பு வெள்ளையில நீரு என்னத்த எடுப்பீரு? ஏழு சாம்பலா?" என்றார். சபை முழுவதும் சிரித்தது. நானும் எழுந்தேன். என் படத்தில் வானவில் விழாவிட்டால், இதே சபையில் நின்று, "தவறு என்னுடையது" என்று சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். நீர் எளிதாகச் சிரிக்கிறீர். முப்பத்துநான்கு ஆண்டு ஆசிரியர் பணியில் நான் ஒருமுறைகூடச் சொல்லாத வாக்கியம் அது. இன்று மாலை நான்கு மணிக்குச் சங்கம் கூடுகிறது. தலைவர் நாற்காலியைக்கூட முன்வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாராம், நன்றாகக் கேட்க வேண்டுமென்று.

படத்தை நான் ஏன் முன்னதாகப் பார்க்கவில்லை என்றா கேட்கிறீர்? உம்மை நம்பினேன். எட்டில் நல்லதைப் பெரிதாக்கிக் கொடும் என்றேன். குரங்கு இல்லாததாகப் பார்த்து நீரும் ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தாளில் சுற்றி, சுவரில் மாட்ட நேரே சங்கக் கூடத்துக்கு அனுப்பினீர். நான் அதன்மேல் என் ஜரிகை அங்கவஸ்திரத்தைப் போர்த்தி, கீழே "பேரருவியில் வானவில்" என்று அழகாக எழுதி ஒட்டி, போன வாரம் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு திறந்தேன். கைதட்டினார்கள். பிறகு தேட ஆரம்பித்தார்கள். தையல் ஆசிரியை நூருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சார்வாள், தப்பா நெனைக்காதீங்க. வானவில்லு எங்கன இருக்கு?" என்றார். நான் திரும்பிப் பார்க்கிறேன்... பக்கத்துச் சுவரில் காந்திமதிநாதன் வரைந்த வானவில் இருக்கிறது. அதில் எட்டு நிறங்கள் இருந்தன. அதை ஒருவர்கூட எண்ணவில்லை.

ஆகையால் இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடும். நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், மூன்றே வரி. "ஸ்டுடியோவில் கழுவும்போது நேர்ந்த பிழையினால் வானவில் அழிந்தது." அவ்வளவுதான். உம்முடைய தொழிலுக்கு இதனால் என்ன குறை வந்துவிடும்? தென்காசியில் வானவில்லைப் படம் பிடித்து உம்மிடம் கொண்டுவருகிறவர் என்னைத் தவிர வேறு யார்? கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை அழிந்தால் அல்லவா ஊர் பேசும்?

என்ன... கண்ணாடியா? பில்டரைச் சொல்கிறீரா? அதன்மேல் பழி போடாதீர். உம் மச்சான் மசூது பினாங்கிலிருந்து எனக்கென்றே கொண்டுவந்தது. கையில் எடுத்தால் வெறும் மங்கல் கண்ணாடி. கண்ணுக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினால், ஈரப்பாறையின் மினுக்கமும் தண்ணீரின் பளபளப்பும் ஓரிடத்தில் அடங்கிப்போகும். அந்த இடத்திலேயே நிறுத்திக் காமிராவில் மாட்டினால், பாறை பாறையாகவே படத்தில் விழும். இங்கிலீஷில் ஒரு குறிப்புத்தாள் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஏழுமுறை படித்தேன்.

அதைத் திருப்பி நிறுத்தும் வேலையை இங்கே செய்யவில்லை, வீட்டிலேயே செய்து முடித்துவிட்டேன். ஏனென்றால் இந்தக் கூட்டத்தில், இந்தச் சாரலில், நிதானமாக ஒரு காரியம் நடக்குமா? நாளைக்கு வேண்டிய சாக்குக்கட்டியை இன்றே சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவன் நான். கொல்லையில் துவைகல்லை நனைக்கச் சொல்லி, கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். பதினோரு குடம். என் மனைவி முப்பிடாதியம்மாள் பன்னிரண்டாவது குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "துவைகல்லுக்கு அபிஷேகம் எப்ப முடியும்? அடுப்புல உளுந்தங்கஞ்சி அடிபிடிக்குது. நீங்க வந்து கிண்டுதியளா, இல்ல கல்லையே குடிக்கியளா?" என்று கேட்டாள். அதற்குள் மினுக்கம் அடங்கும் இடம் கிடைத்துவிட்டது. மேற்பக்கம் எது என்று தெரிய அவளுடைய குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்தேன். கண்ணாடியின் வளையம் நகராமலிருக்கப் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மூன்று சுற்றுச் சுற்றினேன். அதன்பிறகு அதை ஒருவரும் திருப்பவில்லை. குளத்துக்கு அதே நிலை, வயலுக்கு அதே நிலை, அருவிக்கும் அதே நிலை. என் வேலையில் ஆட்டம் இருக்காது.

ஆம், காமிராவில் நான் பார்க்கிற துளை வேறு. படம் விழுகிற துளை வேறு. எனக்குத் தெரியாதா? கண்ணாடி இருப்பது கீழ்த்துளையில். மேல்துளையில் நான் பார்த்தபோது வானவில் தெளிவாக நின்றது. மேலே தெரிந்தது கீழே தெரியாமலா போகும்?

இதோ, உமக்குச் சந்தேகமே வேண்டாம். காமிராவிலிருந்து கழற்றிக் கையிலேயே தருகிறேன். பொட்டு மேற்புறமாக இருக்கட்டும். பிடித்துக்கொண்டு அருவியைப் பாரும். பாறை எப்படிக் கறுத்துவிட்டது என்று... ஏன் கண்ணாடியை எடுத்து எடுத்துப் பார்க்கிறீர்? வாயைப் பொத்திக்கொண்டு என்ன சிரிப்பு? கொடும் இப்படி. உமக்குப் பார்க்கத் தெரியவில்லை.

பொட்டு மேலே. இடக்கண்ணை மூடிக்கொள்கிறேன். பாறை கறுப்பு. மினுக்கம் அடக்கம். அதற்கு முன்னால்...

எங்க வே போச்சு?

மேகம் வந்துட்டோ? இல்லியே, வெயிலு முதுகுல சுடுதே. எடுத்தா இருக்கு. வச்சா இல்ல. எடுத்தா... இருக்கு. வச்சா... பரீது, என் தலையச் சாய்க்கேன், கண்ணாடியோட சேத்து... வருது. வருது வே. முழுசா வருது. தலைய நிமித்துதேன், போயிட்டு.

இரும். என்னைப் பிடிக்க வேண்டாம், விழமாட்டேன்.

அந்தக் குறிப்புத்தாளில் ஒரு வரி இருந்தது. "ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு முறையும், புதிதாகத் திருப்பிப் பார்க்கவும்." கவனமில்லாதவர்களுக்காக எழுதியது என்று விட்டுவிட்டேன். துவைகல்லின் மினுக்கத்தைத் துடைத்த கண்ணாடி, வானவில்லையும் ஒரு மினுக்கம் என்று எண்ணித் துடைத்துவிட்டிருக்கிறது. நான் அதற்கு மூன்று சுற்றுப் பிளாஸ்திரி வேறு போட்டு, நகராதே என்று உத்தரவும் கொடுத்திருக்கிறேன்.

என்ன நீட்டுகிறீர்? தாளா? கையெழுத்துப் போட்டுவிட்டீரா? எப்போது போட்டீர்... நான் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தபோதா? ஒரு வாரமாகக் கெஞ்சினேன். அப்போதெல்லாம் போடாமல் இப்போதா போடுவது? இருக்கட்டும், கொடும். கிழிக்கத்தான் வாங்குகிறேன். இங்கே கிழித்தால் அருவியில் குப்பை சேரும்; வீட்டுக்குப் போய்க் கிழிக்கிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்? சங்கம் நான்கு மணிக்குத்தானே. அதற்குள் கிழிக்க நேரம் இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கிழிக்க மறந்துபோனால்...

பரீது, கண்ணாடியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறீர்? அந்தப் பக்கம் எண்ணெய், வழுக்கும். பரீது, நில்லும். அவரை ஏன் கூப்பிடுகிறீர்? குளிக்க வந்தவரைத் தொந்தரவு செய்யலாமா? ஐயையோ, கையில் கொடுத்துவிட்டார். காந்திமதிநாதன் பிடித்துப் பார்க்கிறார்... எடுக்கிறார்... மறுபடி வைக்கிறார். தலையைச் சாய்க்கிறார் பாரும், எண்ணெய் ஒழுக ஒழுக. அவருக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் வேறு நிற்கிறார்கள்.

பரீது, உம்மைத்தான். அவரிடம் ஒன்றும் சொல்லாதீர். கேட்கிறதா? அருவிச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது... சரி, சொல்லும். தவறு என்னுடையதுதான், சொல்லும். ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் நான்தான் என்று சேர்த்துச் சொல்லும்.