எங்கள் வீட்டில் உலக்கை இல்லை

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு வசதி உண்டு. யாராவது அழுதால், கை கழுவுகிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் நல்லம்பள்ளி மண்டபக்காரர் அந்தக் கூடத்தை எங்களுக்குச் சும்மா விடுகிறார். நீள மேஜைகளில் எதிரெதிராக உட்காருவோம். பந்திக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும், இலைதான் இருக்காது.

நாங்கள் என்றால், மனநலம் சரியில்லாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். நோயாளிகள் வருவதில்லை. அவர்களுக்கு டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. எங்களுக்கு நாங்கள்தான். ரேவதி என்ற சமூகப் பணியாளர்தான் குழுவை ஆரம்பித்து வைத்தார். முதல் நாளே அவர் போட்ட விதி ஒன்றுதான்.

"யாரும் யாருக்கும் புத்தி சொல்லாதீங்க. உங்க வூட்டுல நடந்தத மட்டும் சொல்லுங்க. அதுவே பெரிய மருந்துங்க."

நான் அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. புத்தி சொன்னதே இல்லை. என் சிக்கல் வேறு. என் வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

நான் பக்ருதீன். தர்மபுரியில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி அனீஸுக்குச் சின்ன வயதில், ரேடியோவில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. இன்றுவரை மாத்திரையைத் தவறவிட்டதில்லை. கடையில் என்னோடு தலையணைக்குப் பஞ்சு அடைப்பான். வாயைத் தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தலையணையிலும் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பான். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்தில் யாருக்கு ஆறுதல் சொல்ல முடியும்?

வத்தல்மலையிலிருந்து தீர்த்தம்மாள் வந்த நாளை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். வந்ததிலிருந்து அழுகை. கடைசியில் சொன்னார்.

"எம் பையன் ராகி அரைக்கிற கல்லத் தூக்கி கெணத்துல போட்டுட்டானுங்க. ஊரே வந்து வேடிக்க பாக்குது. இப்படி ஒண்ணு வேற எந்த வூட்டுலயும் நடக்காதுங்க."

நான் சொன்னேன்: "எங்க வூட்டுல தம்பி தையல் மிஷினத் தூக்கிக் கெணத்துல போட்டானுங்க."

அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மிஷினயா? அப்பறம் என்னாச்சுங்க?"

"எடுத்தோம். இன்னும் தைக்குது."

அவர் சிரித்துவிட்டார். அன்று கொண்டுவந்திருந்த கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார். பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் கிணறு கிடையாது. ஆனால் ஒரு பெண் சாப்பிட்டாள் என்பது உண்மை.

பிறகு நஞ்சப்பன் வந்தார். சோற்றில் விஷம் இருக்கிறதென்று அவர் மனைவிக்குச் சந்தேகம். எதைச் சமைத்தாலும் முதலில் ஆட்டுக்குப் போடுவாராம். ஆடு கொழுத்துவிட்டது, நஞ்சப்பன் இளைத்துவிட்டார். என் தம்பி ஆட்டை நம்புவதில்லை, முதலில் என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நான் சாகிறேனா என்று சாயங்காலம் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பான் என்று நான் சொன்னேன். நஞ்சப்பன் யோசித்தார். "எங்க வூட்டுல ஆட்டோட போச்சுங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினார்.

பாலக்கோட்டு முருகேஷுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. நோயாளியான அப்பா அவரை இரும்புக் கம்பியால் அடித்திருந்தார். பெற்ற அப்பனே அடித்துவிட்டான் என்பதில் இருந்து அவரால் வெளியே வர முடியவில்லை. தம்பி என்னை உலக்கையால் அடித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டினேன். அது அனீஸ் கைக்குழந்தையாக இருந்தபோது குடல்வால் ஆபரேஷன் செய்த தழும்பு. மேஜையில் இருந்த யாரும் டாக்டர் இல்லை. முருகேஷ் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இப்படித்தான் குழு வளர்ந்தது. பென்னாகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எவ்வளவு பெரிய துக்கத்தோடு வந்தாலும், என் வீட்டைவிடத் தங்கள் வீடு பரவாயில்லை என்ற தெம்போடு திரும்பிப் போனார்கள். ரேவதி என்னைக் குழுத் தலைவராக்கினார். ஒருமுறை வீட்டுக்கு வந்து அனீஸைப் பார்க்கிறேன் என்றார். புது ஆட்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது என்றேன். நல்லவர், நிறைய ஊர்களைப் பார்க்க வேண்டியவர், அதோடு விட்டுவிட்டார்.

கூடத்தில் பேசியதை வெளியே பேசக்கூடாது என்றும் சொல்லியிருந்தோம். ஆனால் ஆறுதல் கிடைத்தவர்கள் அதைத் தங்களுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸில் பேசினார்கள், சந்தையில் பேசினார்கள். டீக்கடை மாரியப்பன் அனீஸுக்குக் கண்ணாடி டம்ளரில் கொடுப்பதை நிறுத்திவிட்டார், உடைத்துக் குத்திவிடுவான் என்று.

அனீஸ் சந்தோஷமாக வந்தான். "பாய்ஜான், மாரியப்பன் எனக்கு மட்டும் பேப்பர் கப்ல குடுக்கிறாரு."

"மரியாதைடா" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அல்மாஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தான் கேட்கக் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கணவனை இழந்த பெண். மாத்திரை விஷயம் தெரிந்தும் அனீஸைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவள். நிக்காஹுக்கு நாள் பார்க்கிற சமயம், அவள் அம்மா அஸ்கரி பேகம் கடைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துத் தீர்த்தம்மாள் கடையில் உட்கார்ந்திருந்தார். மகன் மதியழகன் இப்போது நன்றாகத் தூங்குகிறான், அவனுக்கு ஒரு நல்ல தலையணை வேண்டும் என்று மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

எங்கள் வீடுகளில் உருதுதான் பேசுவோம். அஸ்கரி பேகம் உருதுவில் கேட்டிருந்தால் நான் சத்தியமாக மறுத்திருப்பேன், தீர்த்தம்மாளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் பக்கத்தில் வேற்றாள் இருக்கும்போது புரியாத மொழியில் பேசுவது அழகில்லை என்று அவர் தமிழில் கேட்டார்.

"உங்க தம்பி உங்கள ஒலக்கையால அடிச்சாராமே. நெசந்தானுங்களா?"

தீர்த்தம்மாள் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் உலக்கை போகும். உலக்கை போனால் தையல் மிஷின் போகும். இந்தப் பெண் மறுபடியும் சாப்பாட்டை நிறுத்திவிடுவாள்.

"நெசந்தானுங்க" என்றேன்.

அஸ்கரி பேகம் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "அல்லா உங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும்" என்றார். அதன் பிறகு அவர்கள் வரவில்லை. தீர்த்தம்மாள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பாத்தா எங்களுக்கெல்லாம் ஒரு தெம்புங்க" என்றார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருப்பார்.

கல்யாணம் ஏன் நின்றது என்று அனீஸ் மாரியப்பனிடம் கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனதோடுதான் விளக்கியிருக்கிறார். அவன் கடைக்குத் திரும்பி வந்து என் எதிரில் நின்றான்.

"பாய்ஜான், நான் உங்கள அடிச்சேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அனீஸ் வாயில் எதுவும் தங்காது. மறுநாளே ஊரெல்லாம் சொல்லுவான்.

"எனக்கு ஞாபகமே இல்லயே" என்றான்.

"இருக்காது. மாத்திர அப்படி" என்றேன். அவன் கேட்டதால் தழும்பையும் காட்டினேன். விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தான்.

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்லடா" என்றேன். மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டினார்கள், அதனால் அது பொய்யில்லை.

அதிலிருந்து அவன் கத்தரிக்கோலைத் தொடவில்லை, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. என் மனைவி சாதியாவிடம், உலக்கையை எங்காவது ஒளித்து வையுங்கள் என்று கெஞ்சினான். எங்கள் வீட்டில் உலக்கை இல்லை, மிக்ஸிதான். சாதியா என்னிடம் வந்தாள்.

"அவன்கிட்ட நெசத்தச் சொல்லிடுங்க. இல்லாட்டி நானே சொல்றேன்."

நான் குழுவைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவள் கேட்காமல் அவனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் நம்பவில்லை. என்னிடம் வந்து, "சாதியா பாபி ரொம்ப நல்லவங்க. நான் வருத்தப்படக் கூடாதுன்னு உங்க மேல பழியப் போடுறாங்க. நீங்க கோவிச்சுக்காதீங்க" என்றான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சாதியாதான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டது அவன். நான் கட்டாயப்படுத்தவில்லை. யாரையாவது கொன்றுவிடுவதற்கு முன்னால் என்னை அடைத்து வைத்துவிடுங்கள் என்றான். ஓசூர் தாண்டி அழைத்துப் போனேன். வழியெல்லாம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்து வந்தான். என்ன செய்தான் என்று அங்கே கேட்டபோது நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அவனே எல்லாவற்றையும் சொன்னான், என்னைவிட நன்றாக. தையல் மிஷின் விழுந்தபோது கிணற்றுத் தண்ணீர் தன் சட்டையில் தெறித்தது என்றான். அது எனக்கே புதிது. அடுத்த கூட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அவனைப் பார்க்கப் போனால் கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கிறான். கிட்டே வராதீங்க பாய்ஜான், உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிறான்.

இப்போது அங்கிருக்கிற டாக்டர் உங்களை அனுப்பியிருக்கிறார். அனீஸிடம் அடைத்து வைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை, அவன் சொல்கிற எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை, அண்ணன் நேரில் வந்து உண்மையைச் சொன்னால் நம்புவான், நாளைக்கே வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறீர்கள்.

உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. எதுவும் நடக்கவில்லைதான். அனீஸ் ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை. எல்லாம் நான் சொன்னது. தேவைப்பட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். குழுவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆனால் அவனிடம் மட்டும் நான் சொல்ல மாட்டேன். சொந்த அண்ணனே இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் தாங்குவானா? நீங்கள் இந்த வேலைக்குப் புதிது, அதனால் சொல்கிறேன். மனநலம் சரியில்லாதவர்களிடம் எதைப் பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று கூட இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.