ரெண்டாவது தடவை எழுதின கெமிஸ்ட்ரி

அக்கா, படிவம் நிரப்புறதுல நான் எப்பவும் கெட்டி, உனக்கே தெரியும். நம்ம ரேஷன் கார்டுல உன் பேரைத் திருத்தினது வரைக்கும் நான்தான். அதனாலதான் இந்த மினசோட்டா யுனிவர்சிட்டிலயும் எனக்கு அந்த வேலை கிடைச்சுது. மார்க் குறைஞ்ச பிள்ளைங்க கூட வாரம் ஒரு தடவை உட்கார்ந்து, என்ன படிக்கணும், எந்தப் பேப்பரை எங்க கொடுக்கணும்னு சொல்ற வேலை. பிரென்னா ஏன் பாதியில ஊருக்குப் போயிட்டான்னு கேட்டேல்ல. சொல்றேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இங்க சராசரி நாலுக்கு ரெண்டுக்குக் கீழ இறங்கினா ப்ரொபேஷன்னு வச்சிடுவாங்க. ஒரு செமஸ்டர் தவணை. அதுக்குள்ள ரெண்டைத் தொடலைன்னா ஒரு வருஷம் வெளிய இருக்கணும். பிரென்னாவைக் கீழ இழுத்தது கெமிஸ்ட்ரி. ஃபெயில். அதைத் திரும்ப எடுத்தா. ஆனா சும்மா எடுத்தாப் போதாது. பழைய மார்க்கை எடுத்துட்டுப் புதுசை வைங்கன்னு ஒரு படிவம் கொடுக்கணும். கொடுக்கலைன்னா ரெண்டு மார்க்கையும் சேர்த்துதான் கணக்குப் போடுவாங்க.

அவதான் இங்க எனக்கு முதல் சிநேகிதி. என் சாம்பாரைக் குடிச்சுட்டு, "வேணி, இது சூப்பா, இல்ல தண்டனையா?"ன்னு கேட்டு, ரெண்டாவது கிண்ணமும் வாங்கிக்குவா. அடுத்த வருஷம் சேர்ந்து வீடு எடுக்கலாம்னு அவதான் சொன்னா. நான் இல்ல.

அக்டோபர்ல ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். படிவத்துல கையெழுத்துப் போட்டு என்கிட்ட நீட்டினா. "பீட்ஸா கடை வேலைக்கு லேட்டாச்சு டீ, ஆபீஸ்ல கொடுத்திடுறியா? வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். நீ கொடுத்தா எனக்கு நிம்மதி." கொடுக்கிறேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

லைப்ரரி வழியா நடந்தேன். அங்க அவ சிநேகிதி கெண்ட்ரா இன்னும் ரெண்டு பேர் கூட காபி குடிச்சுட்டு இருந்தா. இந்த ஊர்ல அடுத்த வருஷ வீட்டுக்கு இப்பவே ஒப்பந்தம் போட்டுடுவாங்க. கெண்ட்ரா சொல்றா, "நாலு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. பிரென்னா நேத்தே போட்டுட்டா."

"அந்த வேணியை என்ன பண்ணப் போறா?"

"ப்ரொபேஷன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிறேன்னா. அதுவரைக்கும் வார்டனைப் பகைச்சுக்க முடியாதாம்."

மூணு பேரும் சிரிச்சாங்க. வார்டன்னா நான்தான்.

எனக்குக் கோபம் வரல அக்கா. நிஜமா. ஆபீஸ் கதவு வரைக்கும் போனேன். அந்த ஒரு காகிதம் இருக்கிற வரைக்கும்தான் நான் அவளுக்கு வேணும்னு அப்பதான் புரிஞ்சுது. திரும்பி வந்து அதை என் டிக்‌ஷனரிக்குள்ள வச்சேன். மடிக்கக்கூட இல்ல.

வியாழக்கிழமை போன் பண்ணி, "கொடுத்துட்டியா?"ன்னு கேட்டா. "கொடுத்தாச்சு"ன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடினாங்க.

அதுக்கப்புறம் ஏழு வாரம் அவளுக்கு நான் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன், ஒரு நாள் விடாம. இதை நீ மறக்கக்கூடாது. பரீட்சைல பி ப்ளஸ் வாங்கினா. என்னைத் தூக்கிச் சுத்தினா. ஆனா பழைய ஃபெயிலும் கணக்குல இருந்துது. சராசரி ஒண்ணு புள்ளி ஒன்பது. வெளியேற்றக் கடிதம் வந்துடுச்சு.

"ஆபீஸ்ல தொலைச்சிருப்பாங்க, மேல்முறையீடு போடு"ன்னு நான்தான் சொன்னேன். கடிதமும் அவ பேர்ல நானே எழுதிக்கொடுத்தேன், ரெண்டு பக்கம். அவளை வெளிய பெஞ்சுல உட்காரவச்சுட்டு, கமிட்டி என்னைத் தனியா உள்ள கூப்பிட்டுது. மூணு பேர். அதுல ஒரு அம்மா கேட்டாங்க, "படிவத்தை உங்ககிட்ட கொடுத்ததா எழுதியிருக்காங்களே?"

இல்லைன்னேன். பாவம், வேலைக்கும் போறா, களைப்புல மறந்திருப்பான்னேன்.

அந்த அம்மா என் வாராந்திர அறிக்கையைப் புரட்டினாங்க. அதுல, கடைசி நாள் இருந்த அந்த வாரத்துல, 'படிவம் இன்னும் கொடுக்கவில்லை, மாணவிக்கு நினைவூட்டினேன்'னு இருந்துது. அந்த அறிக்கையை மாணவிங்களுக்குக் காட்ட மாட்டாங்க. அந்த வரியை அந்தச் செவ்வாய்க்கிழமையே எழுதிட்டேன். நான் எதையும் தள்ளிப்போடுறவ இல்லைன்னு உனக்குத் தெரியும்.

வெளிய வந்ததும் பிரென்னா என்னைக் கட்டிப்பிடிச்சு, "எனக்காகப் பேசினியே"ன்னு அழுதா. மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. சனிக்கிழமை அவ அப்பா வண்டியோட வந்தார். பெட்டியை நான்தான் அடுக்கிக்கொடுத்தேன். அந்த வீட்டு ஒப்பந்தத்துல அவ இடத்துக்கு வேற ஒருத்தி வந்துட்டா.

இப்ப அவ அவங்க அப்பாவோட வான்கோழிப் பண்ணையில வேலை பார்க்கிறா. ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குப் போன் பண்றா. "உன்னை விட்டா எனக்கு யாருமே இல்ல வேணி"ங்கிறா. வீடு எடுத்த அந்த மூணு பேரும் அவளை ஒரு தடவைகூட விசாரிக்கல அக்கா. மனுஷங்க எப்படியெல்லாம் துரோகம் பண்றாங்கன்னு இப்பவாவது அவளுக்குப் புரிஞ்சுதே.