பழி சுமக்க ஒருத்தி

— இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க அண்ணி, அந்தக் கதவு பாதியிலயே நின்னுடும். பக்கத்து ரூம்ல ஒரு குழந்தை காலையில இருந்து விடாம அழுவுது.

— சாத்திட்டேன். ஜன்னலையும் சாத்தட்டுமா?

— வேண்டாம், வெயில் வரட்டும். அவர் எங்கே? உங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்னு கீழே போனவரை இன்னும் காணோம்.

— மாப்பிள்ளை கீழே உங்கண்ணன்கூட நிக்கிறார். ஏதோ மருந்து வாங்கணுமாம்.

— ஒரு மருந்து வாங்க ரெண்டு ஆம்பளையா? சரி, நிக்கட்டும். நீங்க உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோரமா போட்டுக்கோங்க.

— தையல் வலிக்குதாம்மா?

— சிரிச்சா வலிக்குது. நல்லவேளை, சிரிக்கிற மாதிரி இங்கே ஒண்ணும் நடக்கலை. அவனைப் பாத்துட்டுத்தானே மேலே வந்தீங்க?

— பாத்துட்டுத்தான் வந்தேன்.

— குறைமாசக் குழந்தைங்களை வெக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விட்டுத் தொட விடறாங்களாமே. தொட்டீங்களா?

— தொட்டேன். கால்ல. என் சுண்டு விரல் அளவுகூட இல்லை அந்தப் பாதம்.

— என்கிட்ட ஒரு நிமிஷம்கூடக் காட்டலை அண்ணி. ஆபரேஷன் மேஜையில நான் பாதி மயக்கத்துல கிடந்தேன். துணியில சுத்தி இப்படித் தூக்கிக் காட்டிட்டு ஓடிட்டாங்க. ஏதோ சிவப்பாத் தெரிஞ்சது, அவ்வளவுதான். யார் ஜாடை?

— நெத்தி அப்படியே உங்கண்ணன் நெத்தி.

— அடப்பாவமே. அப்போ கல்யாணத்துக்கு முன்னாடியே வழுக்கை விழுந்துடும்.

— வாய் கொழுப்பு உனக்கு இன்னும் குறையலை.

— காது?

— காது உன்னோடது. ஓரத்துல ஒரு சின்ன மடிப்பு இருக்கு பாரு, அது அவனுக்கும் இருந்துச்சு.

— ம். அம்மா ஏன் வரலை?

— அத்தைக்கு முட்டி வலியாம். படியேற முடியலைன்னாங்க.

— முட்டி வலி எல்லாம் இல்லை. லிப்ட் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். ஸ்டூல் மேல ஏறினவ முகத்துல முழிக்க இஷ்டம் இல்லை.

— அந்த ஸ்டூல் கதையை விடு. டாக்டரம்மா எத்தனை தடவை சொன்னாங்க? ஜன்னல் திரையைக் கழட்டினதுக்கும் பனிக்குடம் உடைஞ்சதுக்கும் சம்பந்தமே இல்லை. நீ படுத்த படுக்கையா இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும்னு சொன்னாங்க, என் காதால கேட்டேன்.

— டாக்டரம்மா படம் போட்டுக் காட்டி விளக்கினாங்க. அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க, "அடங்கி இருந்தியாடி"ன்னு. எது அண்ணி மண்டையில நிக்கும்?

— என்கிட்டயும் அதேதான் கேட்டாங்க. அதே வார்த்தை.

— உங்ககிட்டயா? எப்போ?

— முதல் பிள்ளை கலைஞ்சப்போ. மியூசியத்துல மருந்து வாடையில உக்காந்து வேலை பாத்தா எப்படி வயித்துல தங்கும்னாங்க. ரெண்டாவது தடவை லீவு போட்டுட்டு வீட்லயே கிடந்தேன். அப்பவும் தங்கலை. அப்போ மாடிப்படி ஏறி இறங்கினதுதான் காரணம்னு ஆச்சு. உங்கண்ணன் வாயைத் திறக்கலை. பேப்பர் படிச்சிட்டு இருந்தார்.

— நான் ஏதாவது சொன்னேனா?

— நீ ஒண்ணும் சொல்லலை. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

— குத்திக்காட்டறீங்களா அண்ணி?

— குத்திக்காட்டலைம்மா. கேட்டே, சொன்னேன். தண்ணி வேணுமா?

— வேண்டாம். உங்க பையில என்ன அது, முட்டிக்கிட்டு இருக்கு? பழமா?

— ஒண்ணுமில்லை. வேலை சாமான்.

— காட்டுங்க. சும்மா காட்டுங்க அண்ணி. இந்தச் சுவர்ல இருக்கிற விரிசலை எல்லாம் மனப்பாடம் பண்ணியாச்சு, வேற எதையாவது பாக்கறேன்.

— பாத்தா பயந்துடுவே.

— இனிமே பயப்பட என்ன இருக்கு? குடுங்க இங்கே.

— பத்திரம், பிளாஸ்டர்தான். விழுந்தா தூள் தூளாயிடும்.

— யாரிது? நாய் மாதிரி மூஞ்சி, பல்லை இளிச்சிட்டு, முழி ரெண்டும் வெளியே தள்ளி... பந்தியில தன்னைக் கவனிக்கலைன்னு பெரியப்பா கோவிச்சுக்கிட்டு உக்காந்த மாதிரியே இருக்கு.

— இவன் பேர் பசூசு. கெட்ட காத்துக்கெல்லாம் ராஜா. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு பெரிய ஆத்துக்கு நடுவுல இருந்த ஒரு நாட்டுல, பிள்ளைத்தாச்சிங்க இவன் தலையைக் கழுத்துல கட்டிக்குவாங்களாம். எங்க மியூசியத்துல வெண்கலத்துல ஒண்ணு இருக்கு, கட்டை விரல் அளவு. அதைப் பாத்துப் பாத்து நானே களிமண்ல பிடிச்சு, அச்செடுத்து ஊத்தினது இது.

— பிள்ளைத்தாச்சி கழுத்துல பிசாசையா கட்டுவாங்க?

— இவனும் லேசுப்பட்டவன் இல்லை. பயிரைக் கருக்குவான், காய்ச்சலைக் கொண்டு வருவான். ஆனா இவனைப் பாத்தா ஒருத்தி மட்டும் பயந்து ஓடுவா. அந்த ஒரு காரியத்துக்காக இவனை வீட்டுக்குள்ள விட்டாங்க. முள்ளை முள்ளாலதானே எடுக்கணும்.

— யார் அந்த ஒருத்தி?

— வேண்டாம்மா. இந்த நேரத்துல அந்தக் கதை எதுக்கு?

— சும்மா சொல்லுங்க. அவர் மருந்து வாங்கிட்டு வர இன்னும் ஒரு யுகம் ஆகும்.

— லமாஷ்துன்னு பேர். வானத்துக்கே அதிபதியா ஒரு சாமி இருந்தார், அவரோட பொண்ணு. மத்தப் பிசாசெல்லாம் சாமிங்க ஏவி விட்டாத்தான் வரும். இவ அப்படி இல்லை, தன் இஷ்டத்துக்கு வருவா. மனுஷக் குழந்தைங்களோட மாமிசம் வேணும்னு அப்பன்கிட்டயே போய்க் கேட்டாளாம். அவர் அவளை வானத்துல இருந்து பிடிச்சுக் கீழே தள்ளிட்டார். அன்னையில இருந்து வீடு வாசல் கிடையாது. சேத்துலயும் காட்டுலயும் அலைவா.

— பொறந்த வீட்டுக் கதவைச் சாத்திட்டாங்களா?

— சாத்திட்டாங்க. அதுக்கப்புறம் எந்த வீட்ல பிள்ளைத்தாச்சி இருக்காளோ அங்கே வருவா. கதவு இடுக்குல பாம்பு மாதிரி நுழைஞ்சு வந்து, தூங்கறவ வயித்தை ஏழு தடவை தொடுவா. தொட்டா, அந்தக் கரு தங்காது. தப்பிப் பொறந்த குழந்தையா இருந்தா தாய் மாதிரியே கொஞ்சிப் பேசி, குடு, நான் பால் குடுக்கறேன்னு வாங்கிக்குவா. அவ பால் விஷம்.

— எப்படி இருப்பா பாக்க?

— சிங்கத்தலை. கழுதைப் பல்லு. கழுகு மாதிரி கால். ரெண்டு கையிலயும் பாம்பு. அப்புறம் மார்ல ஒரு பக்கம் நாய்க்குட்டி, ஒரு பக்கம் பன்னிக்குட்டி, ரெண்டும் பால் குடிச்சிட்டு இருக்கும்.

— நாய்க்குட்டியா?

— அப்படித்தான் செதுக்கி வெச்சிருக்காங்க.

— பால் கட்டியிருக்கும் அண்ணி.

— என்னது?

— பால் சுரந்து, குடிக்க ஆள் இல்லைன்னா எப்படி இருக்கும்னு தெரியுமா? நேத்துல இருந்து எனக்குக் கல்லு மாதிரி இருக்கு, ரவிக்கை பட்டாலே உசிர் போகுது. அவளுக்கும் ஏதோ பொறந்து போயிருக்கும். இல்லைன்னா நாயையும் பன்னியையும் யார் தூக்கி மடியில போட்டுக்குவா?

— இவ்வளவு வருஷமா அந்தக் கல்லைப் பாக்கறேன். எனக்கு அப்படித் தோணினதே இல்லை.

— எந்தக் கல்லு?

— ரெண்டாவது பிள்ளை போயி நான் திரும்ப வேலைக்குப் போனேன்ல, அன்னைக்கு என் மேஜை மேல வந்து கிடந்தது. உள்ளங்கை அகலத்துல ஒரு பலகைக் கல், ஒரு ஓரம் உடைஞ்சிருந்துச்சு. முழுக்க மண். பஞ்சை நனைச்சு நனைச்சு ஒத்தி எடுக்கறது என் வேலை. மேலே எட்டிப் பாக்கறவன் இந்தப் பசூசு. நடுவுல கட்டில்ல ஒரு ஆள் படுத்திருக்க, பக்கத்துல வைத்தியக்காரங்க நிக்கறாங்க. கீழே அவ. ஒரு கழுதை மேல நிக்கறா, அந்தக் கழுதை ஒரு படகுல நிக்குது. அவளைச் சுத்தி சீப்பு, நூல் நூக்கற கதிர், செருப்பு எல்லாம் செதுக்கியிருந்தாங்க. எனக்குப் புரியலை. எங்க ஆபீசர்கிட்ட கேட்டேன். அதெல்லாம் அவளுக்குக் குடுக்கற சாமான்மா, வழிச்செலவு மாதிரி, வாங்கிக்கிட்டு ஆத்தோட போயிடும்மான்னு கெஞ்சறாங்கன்னு சொன்னார்.

— பிசாசுக்கு சீர் செனத்தியா.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்பன் வெறுங்கையோட தள்ளிவிட்டான், முன்னப்பின்ன தெரியாத ஊர்க்காரங்க சீப்பும் செருப்பும் குடுத்து அனுப்பறாங்க.

— நீங்க என்ன பண்ணினீங்க?

— என்ன பண்றது, மண்ணு எடுத்தேன். அவ முகம் வெளியே வந்த அன்னைக்கு என்னால தாங்க முடியலை. பக்கத்துல யாரும் இல்லை. பஞ்சைக் கீழே போட்டுட்டு அவளைத் திட்டினேன். எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை எல்லாம் தீந்து போச்சு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

— நீங்களா? உங்களுக்குக் கெட்ட வார்த்தை எல்லாம் தெரியுமா?

— உங்கண்ணனோட இத்தனை வருஷமா குடித்தனம் பண்றேன், தெரியாமப் போகுமா? திட்டிட்டு வீட்டுக்குப் போனேன். அன்னைக்குத்தான் சாப்பாடு இறங்குச்சு. ஏன்னு அப்புறம் யோசிச்சேன். நம்ம வீட்ல பிள்ளை போனா, பெத்தவ என்ன பண்ணினான்னு கேக்கறாங்க. அந்தக் காலத்து ஜனங்க அப்படிக் கேக்கலை பாரு. இவ வந்தா, இவதான் தொட்டா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு கல்லுல வெட்டி வெச்சிட்டாங்க. பழியைத் தூக்கிட்டுப் போக ஒருத்தியைப் பண்ணிக்கிட்டாங்க.

— அதுவும் ஒரு பொம்பளை தலையிலதானே அண்ணி விடிஞ்சது.

— அதுவும் சரிதான். ஆனா நீ இல்லை, நான் இல்லை. அது போதும்னு இருந்துச்சு எனக்கு.

— நீங்க அதை நம்பறீங்களா? அவ வருவான்னு?

— நம்பலை. நான் மண்ணைத் துடைச்ச கல்லு அது, எந்த உளி எங்கே பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா உனக்கு வலி வந்துடுச்சுன்னு போன் வந்தப்போ, நேரா மியூசியத்துக்குப் போயி களிமண்ணைத்தான் எடுத்தேன். நம்பாமதான் எடுத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு.

— அப்போ இது அவனுக்காகச் செஞ்சது.

— ஆமாம்.

— அப்போ ஏன் பையிலயே வெச்சிருக்கீங்க? அவன் பெட்டி மேல வெச்சிட்டு வந்திருக்கலாமே.

— அங்கே எல்லாம் இதை வெக்க விட மாட்டாங்கம்மா. தூசி, கிருமி...

— உள்ளே வேண்டாம். வெளியே, அந்த ஸ்டாண்ட் மேல வெக்கலாம்ல. நர்ஸம்மாகிட்ட கேட்டீங்களா?

— கேக்கலை.

— ஏன்? நீங்க கேக்கறதுக்குக் கூச்சப்படற ஆள் இல்லையே.

— அவங்க வேலையா இருந்தாங்க.

— சரி, இப்போ போய்க் கேளுங்க. நான் இங்கே தனியா இருந்துக்குவேன். போங்க அண்ணி. அப்படியே அவன் கையைப் பாத்துட்டு வாங்க. விரல் யாரோடதுன்னு நீங்க சொல்லவே இல்லை.

— இங்கே பாரும்மா. என் கையைப் பிடிச்சுக்கோ.

— பிடிச்சிருக்கேன்.

— போய்க் கேட்டு ஒண்ணும் ஆகாது. பெட்டியில இப்போ அவன் இல்லை. விடியற நேரத்துல மூச்சு நின்னுடுச்சு. எவ்வளவோ பாத்தாங்க, முடியலை. நான் தொட்டப்போ துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. கால் மட்டும் வெளியே இருந்துச்சு.

— ...

— மாப்பிள்ளையும் உங்கண்ணனும் மருந்து வாங்கப் போகலை. படிக்கட்டுல உக்காந்திருக்காங்க. நாங்களே பக்குவமாச் சொல்லிக்கறோம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டு, ரெண்டு பேருக்கும் மேலே ஏற கால் வரலை. பொம்பளை சொன்னாத் தாங்கிக்குவான்னு என்னை அனுப்பினாங்க. அழுதுடும்மா. என்னையாவது திட்டு. இப்படிப் பேசாம இருக்காதே.

— காலையில டாக்டரம்மா வந்தப்போ இந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க அண்ணி. எப்பவும் நின்னுக்கிட்டேதான் பேசிட்டுப் போவாங்க. நேராக் கேட்டேன், மறைக்காம அவன் போயிட்டான்னு சொல்லிட்டாங்க. நீங்க உங்க வாயால சொல்ற வரைக்கும் அவன் இருந்துட்டுப் போகட்டும்னுதான், இவ்வளவு நேரமா உங்களைப் பேச வெச்சிட்டு இருந்தேன்.